இறகு அசைந்ததாகச் சொன்னவர்கள்

றெஜினா தன் வாழ்க்கையில் பதினாறு வருடங்களை மழைத்தண்ணீருக்குக் கொடுத்திருந்தாள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் எழுந்த தேவாலயங்களின் கூரைகளில் விழுந்த மழை எந்த வழியாகக் கீழே இறங்கியது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வண்ணக் கண்ணாடி யன்னல்களைப் பற்றியும் கோபுரங்களைப் பற்றியும் எழுத ஏராளம் பேர் இருந்தார்கள். அவள் கூரை விளிம்புகளை எடுத்துக்கொண்டாள். கல்லில் வெட்டிய வாய்க்கால்களையும், சுவரை விட்டு வெளியே கழுத்தை நீட்டித் தண்ணீரைத் துப்பும் கல் மிருகங்களையும் அளந்தாள், வரைந்தாள், எழுதினாள். ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மத்தியகாலத் தேவாலயக் கட்டடக்கலை படிப்பித்தாள்.

"பீலியிலை பீஎச்டி எடுத்த ஒரே தமிழ்ப் பொம்பிளை என்ரை மனுசிதான்" என்று அவளுடைய கணவன் வாகீசன் போகிற இடமெல்லாம் சொல்வான். வீட்டுக் கூரையோரம் தண்ணீர் ஓடப் பூட்டுகிற தகரப் பீலியைத்தான் அவன் சொன்னான். அவள் முறைப்பாள். ஆனால் அவன் சொல்லாமல் விட்ட இடங்களில் அவளே சொல்லியிருக்கிறாள்.

வாகீசன் லிஃப்ட் திருத்துகிறவன். டோர்செட் பார்க்கில் அவள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் ஒருநாள் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவளும் மூன்று பெட்டி புத்தகங்களும். கதவை நெம்பித் திறந்தவன் முதலில் புத்தகங்களை வாங்கி வெளியே அடுக்கினான். பிறகுதான் அவளுக்குக் கை கொடுத்தான். "ஆளைவிடப் பெட்டிதான் முக்கியமோ?" என்று கேட்டாள். "பாரம் குறைஞ்சாத்தான் நீங்கள் பயமில்லாமல் ஏறலாம்" என்றான். அவன் சைவக் குடும்பம். அவள் குருநகரிலிருந்து ஒன்பது வயதில் வந்த கத்தோலிக்கப் பிள்ளை. மோர்னிங்சைட்டில் இருந்த அவளுடைய அம்மா கிளடிஸ் கலியாணத்துக்கு எட்டு மாதம் மறுத்து, ஒன்பதாம் மாதம் தானே கூறைச் சேலைக்கு நிறம் தெரிவுசெய்தாள்.

கலியாணம் முடிந்து ஆறு வருடம் பிள்ளை இல்லை. நாற்பதாவது வயதில் றெஜினா கர்ப்பமானாள்.

அவள் தன் விரிவுரைகளை முதலில் வாகீசனுக்குத்தான் சொல்லிப் பார்ப்பாள். அவன் அடுத்தநாள் வேலைக்குப் போடும் சட்டையை மினுக்கிச் சுருக்கம் எடுத்துக்கொண்டே கேட்பான். விளங்காத இடத்தில் மினுக்குவதை நிறுத்துவான். அந்த இடத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்று அவளுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

பீலிகள் வருவதற்கு முந்திய காலத்தைப் பற்றிய விரிவுரையை அவனுக்குச் சொன்ன அன்று அவள் மூன்று மாதக் கர்ப்பிணி. அந்தக் காலத்துச் சின்னக் கோயில்களில் மழைத்தண்ணீர் கூரை விளிம்பிலிருந்து நேரே நிலத்தில் சொட்டும். இங்கிலாந்தில் றோண்ட்ஸ் என்ற ஊரில் அப்படியொரு கோயிலைத் தோண்டியபோது, சுவரை ஒட்டி, கூரைத்தண்ணீர் விழும் அந்த ஒடுங்கிய கரையில், நெருக்கமாகக் குழந்தைகளின் புதைகுழிகள் இருந்தன. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளாக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது பெறாதவர்களுக்கு மோட்சம் இல்லை என்பது அந்தக் கால நம்பிக்கை. புனிதமான கூரையில் பட்டு வரும் மழையாவது அவர்கள் மேல் விழட்டும் என்று பெற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

"அந்தக் கூரை விளிம்புக்குத் தமிழிலை என்ன சொல்லுறது?" என்று அவள் கேட்டாள். "இறவாரமோ?"

"அது புத்தகத்திலை. எங்கடை வீட்டிலை இறப்பு எண்டுதான் சொல்லுவினம். வீட்டிறப்பு."

அவள் அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளவில்லை. பிறகு அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

அடுத்த பக்கம் பிற்காலத்தது, சுவிட்சர்லாந்தில் ஓபர்பூரன் என்ற இடத்துக் கோயிலைப் பற்றியது. செத்துப் பிறந்த குழந்தைகளை அங்கே தொலைவிலிருந்தெல்லாம் கொண்டு வந்தார்கள். தணலுக்கும் மெழுகுதிரிகளுக்கும் நடுவில் குழந்தையைக் கிடத்திச் சூடேற்றி, உதட்டின் மேல் ஒரு இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் மூச்சு வந்துவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் சாட்சி சொல்வார்கள். உடனே ஞானஸ்நானம். அதன் பிறகு குழந்தை மறுபடி இறந்ததாகக் கொண்டு கோயில் நிலத்தில் புதைப்பார்கள். இதைப் பற்றி அந்தப் பகுதி ஆயர் ரோமாபுரிக்கு முறைப்பாடு எழுதிய கடிதம் இருக்கிறது. வகுப்பில் இந்த இடத்தில் றெஜினா வழக்கமாக ஒரு பகிடி விடுவாள். "தணலுக்கு மேலே சூடான காற்று எழும்பும். இறகு அசையாமல் என்ன செய்யும்? பதினைந்தாம் நூற்றாண்டின் ஆகத் திருத்தமான பௌதிகப் பரிசோதனை இதுதான்." மாணவர்கள் சிரிப்பார்கள்.

வாகீசன் சிரிக்கவில்லை. மினுக்குப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"அந்தத் தாய்மாருக்குத் தெரியுமோ?"

"என்ன?"

"பொய் எண்டு."

"தெரிஞ்சிருக்கும். தெரியாத மாதிரி இருந்திருப்பினம்."

"பக்கத்திலை நிண்ட தேப்பன்மாருக்கு?"

கடிதத்தில் தகப்பன்மாரைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை.

ஒக்டோபர் மாதம், கர்ப்பத்தின் முப்பத்தேழாவது கிழமையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வயிற்றுக்குள் அசைவு நின்றுவிட்டதை றெஜினா உணர்ந்தாள். தோடம்பழச் சாறு குடித்து இடது பக்கம் சரிந்து படுத்துப் பார்த்தாள். பிறகு வாகீசனைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் ஸ்கான் செய்த பெண் முதலில் பேசிக்கொண்டே இருந்தாள், பிறகு பேச்சை நிறுத்தினாள், திரையைத் தன் பக்கம் திருப்பினாள். வந்த டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழந்தையின் இதயம் முதல்நாளே நின்றிருக்க வேண்டும் என்றார். தொப்புள்கொடி இறுகியிருக்கிறது, யாராலும் அறிந்திருக்க முடியாது என்றார்.

மருந்து கொடுத்து வலியை வரச் செய்தார்கள். புதன்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்குப் பிள்ளை பிறந்தாள். தலை நிறைய மயிர். வாகீசனின் அதே கூர் நாடி. தாதி அவளைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, சின்னத் தொப்பி போட்டுக் கொடுத்தாள்.

றெஜினா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அம்மாவின் மனத்துக்காகப் போகிறவள். பூசை நேரத்தில் அவளுடைய கண் கூரையின் மரத் தீராந்திகளில் அலைந்துகொண்டிருக்கும். ஆனால் அன்று அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஃபாதரைக் கூப்பிடுங்கோ" என்பதுதான்.

ஃபாதர் யோசப் ஒரு மணிக்கு முன்னரே வந்துவிட்டார். மன்னார்க்காரர், அறுபது வயது, பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் பழக்கமுள்ளவர். கட்டிலருகே நின்று குழந்தையைப் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டார்.

"ஞானஸ்நானம் குடுங்கோ ஃபாதர்" என்றாள் றெஜினா.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, நான் செபிக்கிறன். பேர் வைப்பம். அடக்கப் பூசையும் எல்லாருக்கும் போலைதான் வைப்பம். ஆனா ஞானஸ்நானம்…"

"உயிரோடை இருக்கிறவைக்குத்தான். எனக்குத் தெரியும். குடுங்கோ."

"தண்ணி ஊத்தேல்லை எண்டு ஆண்டவர் இந்தப் பிள்ளையை வெளியிலை நிப்பாட்டமாட்டாரம்மா."

"அதுவும் தெரியும் ஃபாதர். குடுங்கோ."

அவள் சத்தம் போடவில்லை. அழவுமில்லை. ஒரே குரலில் திரும்பத் திரும்ப அந்த ஒரு சொல்லையே சொன்னாள். இந்த வாதத்தின் ஐந்நூறு வருடச் சரித்திரமும் அவளுக்குப் பாடம். அதில் ஒன்றும் அப்போது கைகொடுக்கவில்லை.

வாகீசன் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு யன்னலோரம் போய் நின்றான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"ஃபாதர், பிள்ளை மூச்சு விட்டது."

நாலடி தள்ளி அலுமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த தாதிக்குத் தமிழ் தெரியாது. அவள் அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"என்ன சொன்னனீங்கள்?"

"இப்ப. நான் கையிலை வாங்கேக்கை. சொண்டு அசைஞ்சது. மூச்சு வந்தது. நான் கண்டனான்."

ஃபாதர் யோசப் தாதியைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் அவள் ஓடிவருவாள். அவர் சொல்லவில்லை. வாகீசனைப் பார்த்தார். ஒருநாளும் சிலுவை போட்டறியாத அந்த மனிதன் இப்போது திரும்பி, நிமிர்ந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

றெஜினாவுக்கு எல்லாம் விளங்கியது. அந்த உதட்டசைவை அவன் எங்கிருந்து எடுத்தான் என்பதும் விளங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஃபாதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சந்தேகம் இருந்தாக் குடுக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "பேர்?"

அந்தப் பெயர்தான் ஐந்து மாதமாக வீட்டில் சண்டை. அபர்ணா என்பது வாகீசனின் விருப்பம். றெபேக்கா என்பது அவளுடையது.

"றெபேக்கா" என்றான் வாகீசன்.

ஒரு பிளாஸ்ரிக் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தார்கள். ஃபாதர் மூன்று தரம் தண்ணீரை வார்த்தார். "றெபேக்கா, நீ உயிரோடு இருந்தால், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." உயிரோடு இருந்தால் என்ற இடத்தில் அவர் குரல் தாழ்ந்தது. தொப்பியை நனையாமல் தூக்கிப் பிடித்திருந்த வாகீசனின் கை அப்படியே நின்றது.

சனிக்கிழமை அடக்கம். பெட்டியை வாகீசன் தனியாகவே தூக்கிக்கொண்டு போனான். இரண்டு பேர் தூக்கும் அளவுக்கு அதில் பாரம் இருக்கவில்லை.

கிளடிஸ் அழுதழுது குரல் கட்டிப்போயிருந்தாள். ஆனாலும் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பிள்ளை மூச்சு விட்டதாம். தேப்பன் கண்டவராம். ஃபாதர் உடனை ஞானஸ்நானம் குடுத்தவர். அந்த ஒரு ஆறுதல்தான்." கேட்டவர்கள் வாகீசனிடம் வந்தார்கள். "எவ்வளவு நேரம் தம்பி இருந்தது?" என்று கேட்டார்கள். முதலில் அவன் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு, "ஒரு நிமிசம் இருக்கும்" என்றான். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, பிள்ளை ஒரு விரலையும் மடக்கியதாக ஒரு அன்ரி இன்னொரு அன்ரிக்குச் சொல்வது றெஜினாவின் காதில் விழுந்தது. அவள் வாகீசனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அதை மறுக்கவில்லை. கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜனவரியில் அவள் வகுப்புக்குத் திரும்பினாள். இன்னும் விடுப்பு எடுக்கலாம் என்றார்கள். வீட்டில் இருந்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், அங்கேயாவது ஆட்களுக்குக் கூரையைக் காட்டலாம் என்று சொல்லிவிட்டாள். ஏழாவது கிழமை அந்த விரிவுரை வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். அவள் போகவில்லை.

றோண்ட்ஸ் கோயிலின் வரைபடத்தைத் திரையில் போட்டாள். சுவரோரத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு குழந்தை என்று சொன்னாள். ஓபர்பூரனுக்கு வந்தாள். தணலைச் சொன்னாள், மெழுகுதிரியைச் சொன்னாள், இறகைச் சொன்னாள். பகிடி வரவேண்டிய இடத்தில் நின்றுபோனாள். அவள் ஒன்றும் சொல்லாமலே பின்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டான். முன்வரிசையில் இருந்த ஸ்டெபனி என்ற மாணவி கையை உயர்த்தினாள்.

"அப்ப சாட்சி சொன்னவர்கள் எல்லோரும் பொய்யர்களா, பேராசிரியர்?"

"போன வருடம் கேட்டிருந்தால் ஆம் என்றிருப்பேன்" என்றாள் றெஜினா.

"இப்போது?"

"இப்போது அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்." மாணவர்கள் குனிந்து எதையோ எழுதினார்கள். என்ன எழுதினார்களோ தெரியாது.

அன்று பின்னேரம் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். வாகீசன் குசினி மேசையில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். மூன்று மாதமாக அவன் மெலிந்துகொண்டே வந்தான். பேச்சும் குறைந்திருந்தது. துக்கம்தான் என்று அவள் நினைத்திருந்தாள். தன் துக்கமே தலைக்குமேல் நின்றதால் அவனுடையதை உற்றுப் பார்க்க அவளால் முடிந்திருக்கவில்லை.

அவன் முன்னால் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு நீங்கள் ஃபாதருக்குச் சொன்னது பொய்யெண்டு எனக்கு அப்பவே தெரியும். எனக்காகத்தான் சொன்னனீங்கள். ஆரும் எனக்கு அப்பிடி ஒண்டைச் செய்ததில்லை."

அவன் கையை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

"பொய் இல்லை, றெஜி."

"என்ன?"

"நான் சொல்லேக்கை பொய்யெண்டு நினைச்சுத்தான் சொன்னனான். நீர் கெஞ்சினதைப் பாக்க ஏலாமல்தான் சொன்னனான். ஆனா பிறகு யோசிச்சுப் பாத்தன். சொண்டு அசைஞ்சது. உண்மையாவே அசைஞ்சது. அதைக் கண்டபடியாத்தான் எனக்கு அந்தச் சொல்லே வாயிலை வந்திருக்கு." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நேர்ஸ் நாலடியிலை நிண்டவ. நான் கத்தியிருக்கலாம். நான் ஃபாதரோடை கதைச்சுக்கொண்டு நிண்டனான். பிள்ளை கையிலை மூச்சு விட, நான் பேர் சொல்லிக்கொண்டு நிண்டனான்."

டொக்டர் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். முதல்நாளே இதயம் நின்றுவிட்டது, ஸ்கானில் துடிப்பே இருக்கவில்லை, பிறந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது, அப்படி ஒரு மூச்சு வர வழியே இல்லை. அறிக்கையை எடுத்து வந்து மேசையில் விரித்தாள். அவன் பொறுமையாக வாசித்தான். "இதை எழுதினவை ஆரும் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கேல்லை" என்றான்.

அடுத்த கிழமை அவள் ஃபாதர் யோசப்பிடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"பொய்யெண்டு எனக்கும் அண்டைக்கே தெரியும் பிள்ளை. கேட்டிருந்தா அவர் உடைஞ்சு போயிருப்பார் எண்டு கேக்காமல் விட்டனான்."

"நீங்கள் வந்து அவருக்குச் சொல்லோணும். பிள்ளை முதல்நாளே செத்திட்டுது எண்டு. அந்த ஞானஸ்நானம் ஞானஸ்நானமே இல்லை எண்டு."

"அதைத்தானே நீ அண்டைக்குக் கெஞ்சிக் கேட்டது…"

"ஓம். அதைத்தான். இப்ப எனக்கு அது வேண்டாம் ஃபாதர்."

ஃபாதர் வந்தார். சோபாவில் வாகீசனுக்குப் பக்கத்தில் இருந்து, தான் கண்டதையும் தான் சொன்ன வசனத்தையும் அப்படியே சொன்னார். அந்த 'இருந்தால்' என்ற சொல்லை ஏன் போட்டேன் என்றும் சொன்னார். வாகீசன் மரியாதையாகக் கேட்டான். அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான். வாசல்வரை கூடப்போய், "நீங்கள் கட்டில் பக்கம் நிண்டனீங்கள் ஃபாதர். பிள்ளை என்ரை பக்கம் பாத்துக்கொண்டிருந்தது" என்றான்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வாகீசனோடு வேலை செய்யும் லெஸ்லி றெஜினாவுக்குப் போன் எடுத்தான். குரல் பதறியது. "அக்கா, அண்ணையை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ. லிஃப்டுக்கு மேலை நிண்டவர். சேஃப்டி பெல்ட் கொழுவேல்லை. கீழை பாத்தபடி அரை மணித்தியாலம் நிண்டிருக்கிறார். நான் கூப்பிடக் கூப்பிடக் கேக்கேல்லை. கடைசியிலை நான் ஏறிப் பிடிச்சுத்தான் இறக்கினனான்." அந்தக் கட்டடம் இருபத்திரண்டு மாடி.

அவள் வாகனத்தை எடுத்துக்கொண்டு போய் அவனை ஏற்றினாள். வீட்டுக்கு ஓட்டி வந்தாள். கீழே வாகனத் தரிப்பிடத்தில் எஞ்சினை நிறுத்திய பிறகும் அவள் இறங்கவில்லை. எதிரில் கொங்கிறீட் தூண். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையை எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் சொல்லி முடித்தாயிற்று. டொக்டரின் கடிதமும் பாதிரியாரின் வார்த்தையும் தோற்றுப்போயிருந்தன. அவளிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"நானும் கண்டனான்" என்றாள்.

அவன் திரும்பினான்.

"நீங்கள் யன்னலடியிலை நிக்கேக்கை. சொண்டு அசைஞ்சது. நானும் கண்டனான்."

"நீர் கண்ணை மூடிக்கொண்டெல்லோ கிடந்தனீர்?"

"அதுக்குப் பிறகுதான் மூடினனான். கண்டபடியாத்தான் மூடினனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பயம். நீர் ஏன் நேர்ஸைக் கூப்பிடேல்லை எண்டு என்னைக் கேட்டுடுவியளோ எண்டு பயம். அதாலைதான் பொய், பொய் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அறிக்கையைக் காட்டினனான். ஃபாதரைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அவன் அவளுடைய முகத்தை வெகுநேரம் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நான் உம்மை ஒருக்காலும் அப்பிடிக் கேக்கமாட்டன், றெஜி" என்றான். "பிள்ளை பெத்த களையிலை கிடந்தனீர். உம்மாலை என்ன செய்திருக்க ஏலும்? ஒரு மூச்சுத்தானே. டொக்டர் வந்தாலும் என்ன செய்திருப்பார்?"

"அப்ப உங்களை மட்டும் ஏன் கேக்கிறியள்?"

அவன் முன்கண்ணாடிக்குக் கீழே தலையைச் சாய்த்துக்கொண்டு அழத் தொடங்கினான். ஆஸ்பத்திரியிலும் அழாதவன், மயானத்திலும் அழாதவன், அந்த நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் சத்தம் வைத்து அழுதான். பக்கத்தில் வாகனம் நிறுத்த வந்த ஒரு பெண் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனாள். றெஜினா அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவன் மெல்ல மெல்ல மீண்டான். விட்பியில் இருந்த அவனுடைய அண்ணன் சங்கரின் வீட்டில் இரண்டு கிழமை இருவரும் போய் நின்றார்கள். அவன் நித்திரை கொண்டான். சாப்பிட்டான். ஆலோசகர் ஒருவரிடம் கிழமைக்கு ஒருமுறை போனான். ஏப்ரல் கடைசியில் வேலைக்குத் திரும்பினான். முதல்நாள் லெஸ்லியே தன் பெல்ட்டைக் கொழுவிவிட்டதாக றெஜினாவிடம் சொல்லிச் சிரித்தான். வீட்டில் அவன் பிள்ளையைப் பற்றிக் கதைக்கவும் தொடங்கினான். "எங்கள் ரண்டு பேரையும் ஒருக்காப் பாக்கத்தான் அந்த மூச்சை விட்டிருக்கிறாள், என்ன?" என்று கேட்பான். அவள், "ஓம்" என்பாள்.

அவள் பெற்ற பிள்ளை ஒரு மூச்சும் விடாத பிள்ளை. அவளுக்குள்ளேயே தொடங்கி, அவளுக்குள்ளேயே, அவள் நித்திரையாய் இருந்தபோதோ சமைத்துக்கொண்டிருந்தபோதோ முடிந்துபோன பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பற்றிக் கதைத்து அழ இனி அந்த வீட்டில் ஆளில்லை. வாகீசன் வேறொரு பிள்ளைக்காக அழுது ஆறிக்கொண்டிருந்தான். சில நாட்களில் அவள் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். அவன் கதவில் தட்டி, "சுகமா இருக்கிறீரோ?" என்று கேட்பான். "இருக்கிறன், வாறன்" என்பாள்.

ஜூன் மாதம் அவள் பல்கலைக்கழக அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கல்லறைக் கல் செய்யும் கஸ்பர். கல்லுக்கான படிவத்தை வாகீசன் நிரப்பிக் கொடுத்திருந்தான்.

"அக்கா, வெட்டத் தொடங்க முன்னம் ஒருக்காக் கேப்பம் எண்டு எடுத்தனான். அண்ணை பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே திகதியை ரண்டு தரம் எழுதியிருக்கிறார். பிறக்கேக்கையே தவறின பிள்ளையளுக்கு நாங்கள் ஒரு திகதிதான் போடுறனாங்கள். உது பிழையா எழுதுப்பட்டதோ?"

கல்லில் இருப்பதை நம்பித்தான் அவள் வாழ்ந்தவள். கடிதங்கள் பொய் சொல்லலாம், கல் சொல்லாது என்று பதினாறு வருடம் எழுதியவள். கையிலிருந்த சிவப்புப் பேனையை மூடினாள்.

"பிழை இல்லை தம்பி. ரண்டு திகதியும் வெட்டுங்கோ."

"அப்ப பிள்ளை கொஞ்ச நேரம் இருந்ததோ அக்கா?"

"ஓம். இருந்தது."

"சரி அக்கா. ஆழமாவே வெட்டுறன். எங்கடை காலத்துக்குப் பிறகும் வாசிக்கலாம்."

அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். அதன் பிறகு அன்று அவளால் ஒரு தாளும் திருத்த முடியவில்லை.